பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குக் கற்றல் தொழில்நுட்பப் பயிற்சி: திட்டமிடுவது முதல் பின்தொடர்வது வரை

ஒரு கணினிக் கூடத்தில் 60 ஆசிரியர்களை உட்கார வைத்து, கற்றல் மேலாண்மைத் தளத்தின் (பாடக் குறிப்பு, அசைன்மென்ட், தேர்வு, மதிப்பெண் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்தும் மென்பொருள்) எல்லா வசதிகளையும் மூன்று மணி நேரத்தில் புரொஜெக்டரில் காட்டி முடித்துவிடுவார்கள். அதற்குப் பெயர் பயிற்சி. வருகைப் பதிவு நிறையும், சான்றிதழும் கைக்கு வரும். பருவம் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் போய்ப் பார்த்தால், பாதிப் பேரின் பாடப் பக்கத்தில் பாடத்திட்டத்தின் பிடிஎஃப்பும் நான்கைந்து ஸ்லைடுகளும் மட்டுமே கிடக்கும். 'ஆசிரியர்களுக்கு ஆர்வம் இல்லை' என்று அறிக்கை எழுதிவிடுவது எளிது. ஆனால் கற்றதைத் தங்கள் சொந்தப் பாடத்தில் தங்கள் கையால் செய்து பார்க்க அவர்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை. தேவைப்பட்ட நாளில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைப்பதுதான் கீழே உள்ள படிகளின் வேலை.

பயிற்சியை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இது எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் மூடில் என்ற கற்றல் மேலாண்மைத் தளத்தை வைத்துச் சொல்லப்படுகின்றன. கான்வாஸ், பிளாக்போர்டு போன்ற வேறு தளங்களைப் பயன்படுத்துவோருக்கு அமைப்புகளின் பெயர்கள் மாறும். ஆசிரியர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இவையேதான்.

படி 1: தேவையைக் கண்டறிதல்

'உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?' என்று படிவம் அனுப்பினால் பயன் குறைவு. தனக்குத் தெரியாத ஒன்றை யாரும் கேட்க மாட்டார்கள். அப்போது ஊரெல்லாம் எதைப் பற்றிப் பேச்சோ அதை எழுதி அனுப்பிவிடுவார்கள். நம்பத்தக்க தகவல் வேறு இடங்களில் இருக்கிறது.

உதவி மையத்துக்குக் கடந்த இரண்டு பருவங்களில் வந்த கோரிக்கைகளை எடுத்து வகை பிரியுங்கள். 'மாணவர்களுக்கு அசைன்மென்ட் தெரியவில்லை', 'மொத்த மதிப்பெண் தவறாக வருகிறது' போன்றவை திரும்பத் திரும்ப வந்திருந்தால், பயிற்சியின் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. அடுத்து, எந்தப் பாடத்தில் எந்தக் கருவி பயன்பட்டது என்ற தளத்தின் அறிக்கை. மூன்றாவதாக, துறைக்கு இருவர் வீதம் ஆசிரியர்களைச் சந்தித்து 20 நிமிடம் பேசுங்கள். அந்தப் பேச்சில் தொழில்நுட்பத்தை இழுக்க வேண்டாம். போன பருவத்தில் மாணவர்கள் எந்த இடத்தில் திணறினார்கள், எந்த வேலை உங்கள் நேரத்தை அதிகம் தின்றது என்ற இரண்டு கேள்விகள் போதும்.

'180 பேரின் லேப் ரிப்போர்ட்டைத் திருத்தி முடிவதில்லை' என்பவருக்கு ரூப்ரிக்கை, அதாவது எதற்கு எத்தனை மதிப்பெண் என்று காட்டும் அட்டவணையை, தளத்திலேயே அமைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். 'வகுப்பில் ஒருவரும் வாய் திறப்பதில்லை' என்பவருக்கு உடனடி வாக்கெடுப்பு. 'அடிப்படைக் கணக்கிலேயே தடுமாறுகிறார்கள்' என்பவருக்கு, மாணவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிப் பார்க்கும் குவிஸ். ஆசிரியர் தன் சிக்கலோடு வந்தால் கருவியைக் கற்றுக்கொள்ளும் பொறுமையும் கூடவே வரும்.

குழுக்களை வயதையோ பதவியையோ பார்த்துப் பிரிக்காதீர்கள். செய்ய வேண்டிய வேலையைப் பார்த்துப் பிரியுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. மூத்த பேராசிரியர்கள் சிலர், தங்களிடமே ஆய்வு செய்யும் மாணவர்களும் இளைய விரிவுரையாளர்களும் உட்கார்ந்திருக்கும் அறையில் மவுஸோடு தடுமாற விரும்ப மாட்டார்கள். அவர்கள் வராமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அவர்களுக்கு முதல் அமர்வை அவர்கள் அறையிலேயே தனியாக நடத்திவிட்டால், அடுத்த அமர்வுக்குத் தாமாக வருவார்கள்.

படி 2: இலக்கைச் செயலாக எழுதுதல்

'தளத்தைப் பற்றிய விழிப்புணர்வு பெறுவார்கள்' என்பது இலக்கு ஆகாது. அதை யாராலும் சோதிக்க முடியாது. பயிற்சி முடியும்போது ஒவ்வொருவரின் பாடத்திலும் கண்ணால் பார்க்கக்கூடியவையாக ஐந்து இருந்தால் போதும்:

- வார வாரியாக ஒழுங்கு செய்யப்பட்ட, மாணவர் கணக்கிலிருந்து திறந்து சரிபார்க்கப்பட்ட பாடப் பக்கம்
- ரூப்ரிக்குடன் ஒரு அசைன்மென்ட்
- வினா வங்கியிலிருந்து எடுத்த 10 கேள்விகளுடன் ஒரு குவிஸ்
- மொத்தம் சரியாகக் கூடும் மதிப்பெண் பதிவேடு
- வகுப்பு நேரத்தில் எல்லா மாணவர்களும் பதில் சொல்லும் ஒரு செயல்பாடு

மற்றவை எல்லாம் விருப்பம் உள்ளவர்களுக்கு, பின்னர். ஹெச்5பி என்ற ஊடாடும் பாடப்பொருள் கருவி, மெய்நிகர் ஆய்வகம், விளையாட்டுப் பாணிப் பதக்கங்கள் எல்லாவற்றையும் முதல் சுற்றிலேயே திணித்தால் இந்த ஐந்தும் அரைகுறையாக நிற்கும்.

படி 3: கால அட்டவணை

வாரம் ஒன்று வீதம் 90 நிமிடத்தில் நான்கு அமர்வுகள். நான்காவது அமர்வு பருவம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு முடிய வேண்டும். ஐந்தாவது அமர்வைப் பருவத்தின் மூன்றாம் வாரத்துக்கு ஒதுக்குங்கள். உண்மையான சிக்கல்கள் அப்போதுதான் தலைகாட்டும். விடைத்தாள் திருத்தும் வாரங்களில் எதையும் வைக்காதீர்கள். குழுவுக்கு 12 முதல் 15 பேர், நடத்துபவர் ஒருவர், சுற்றி வந்து உதவ இன்னொருவர். 20 பேரைத் தாண்டினால் ஒருவருக்கு பாஸ்வேர்டு மறந்துபோனதற்கே எல்லாரும் காத்திருப்பார்கள்.

90 நிமிடத்தைப் பிரிக்கும் கணக்கு: தீர்க்க வேண்டிய சிக்கலை முன்வைக்க 10, செய்துகாட்ட 15, ஆசிரியர்கள் தங்கள் பாடத்தில் தாங்களே செய்ய 45, ஒருவர் பாடத்தை இன்னொருவர் மாணவராக நுழைந்து பார்க்க 15, அடுத்த வாரத்துக்குள் செய்ய வேண்டியதை எழுதிக்கொள்ள 5. நேரம் போதவில்லை என்றால் பயிற்றுநர்கள் அந்த 45 நிமிடத்தில்தான் கைவைப்பார்கள். வெட்ட வேண்டியது செய்துகாட்டும் நேரத்தை.

உதவியாளருக்கு ஒரே ஒரு கட்டளை: ஆசிரியரின் மவுஸைத் தொடக் கூடாது. 'நகருங்கள், நான் செய்து தருகிறேன்' என்றால் வேலை அரை நிமிடத்தில் முடியும். ஆனால் அடுத்த மாதம் அதே ஆசிரியர் அதே இடத்தில் சிக்கிக்கொண்டு போன் செய்வார்.

நிர்வாகத்திடம் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: பயிற்சி நேரம் பணிச்சுமைக் கணக்கில் சேரும் என்று. அது இல்லாவிட்டால் ஏற்கெனவே எல்லாம் தெரிந்த ஆர்வலர்கள் மட்டுமே வருவார்கள். பகுதிநேர ஆசிரியர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களில் பலருக்குப் பருவம் தொடங்கும் வரை தளத்தில் கணக்கே திறக்கப்பட்டிருக்காது. அதை முன்கூட்டியே சரிபாருங்கள்.

படி 4: முன் தயாரிப்பு

ஒவ்வொரு ஆசிரியருக்கும் மாணவர்கள் யாரும் இல்லாத ஒரு சோதனைப் பாடத்தைத் திறந்து வையுங்கள். உண்மைப் பாடத்தில் எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற பயம் அங்கே இருக்காது. ஆளுக்கு ஒரு போலி மாணவர் கணக்கும் வேண்டும். மூடிலில் மாணவர் பாத்திரத்துக்கு மாறிப் பார்க்கும் வசதி இருப்பது உண்மைதான். ஆனால் சமர்ப்பிப்பு, குழுக் கட்டுப்பாடு, மதிப்பெண் ஆகியவை அதில் முழுதாகத் தெரியாது. தனிக் கணக்கில் நுழைந்து பார்த்தால்தான் நம்பலாம்.

பயிற்றுநர் தன் நிர்வாகிக் கணக்கில் ஒத்திகை பார்க்கக் கூடாது. நிர்வாகிக்குத் தெரியும் மெனுக்கள் ஆசிரியருக்குத் தெரியாது. மேடையில் 'இங்கே ஒரு பட்டன் இருக்கும்' என்று சொல்ல, அறையில் ஒருவர் திரையிலும் அது இருக்காது.

ஆசிரியர்கள் கொண்டுவர வேண்டியவை: பாடத்திட்டம், சென்ற பருவத்தில் கொடுத்த ஒரு அசைன்மென்ட், 10 பலவுள் தெரிவு வினாக்கள். வினாக்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யச் சொன்னால் அமர்வு அதிலேயே போய்விடும். எய்க்கன் என்ற எளிய வடிவத்தில் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக எழுதி வரச் சொல்லுங்கள். முதல் வரியில் கேள்வி, அடுத்தடுத்த வரிகளில் ஏ, பி, சி, டி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தும் புள்ளியும் இட்ட விடைகள், கடைசி வரியில் ஆங்கிலத்தில் 'ஆன்சர்' என்ற சொல் முழுவதும் பெரிய எழுத்தில், பிறகு முக்காற்புள்ளியும் சரியான விடையின் எழுத்தும். இறக்குமதி தோற்றால் பெரும்பாலும் கேள்வியை இரண்டு வரிகளாக உடைத்திருப்பார்கள், அல்லது கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்திருக்க மாட்டார்கள். தமிழில் எழுதிய வினாக்கள் கட்டம் கட்டமாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் இந்த யூடிஎஃப்-8 கோளாறுதான் காரணம்.

படி 5: அமர்வுகள்

முதல் அமர்வு: மாணவராக நுழைதல். வேண்டுமென்றே மோசமாக அமைத்த ஒரு பாடத்தைத் தயார் செய்யுங்கள். 'யூனிட் 2 புதியது இறுதி (3)' என்ற பெயரில் கோப்புகள், அறிவிப்பில் ஒரு கெடு, அசைன்மென்ட் பக்கத்தில் வேறொரு கெடு, சாய்வாக ஸ்கேன் செய்த பிடிஎஃப், எங்கோ அடியில் மறைந்திருக்கும் சமர்ப்பிப்பு இணைப்பு. ஆசிரியர்கள் தங்கள் செல்போனில் மாணவர் கணக்கில் நுழைந்து, 15 நிமிடத்தில் அசைன்மென்ட்டைக் கண்டுபிடித்துச் சமர்ப்பிக்க வேண்டும். சிலர் முடிப்பார்கள், சிலர் எரிச்சலடைவார்கள். அந்த எரிச்சலை வீணாக்காமல் குறைகளை அவர்களையே பட்டியலிடச் சொல்லுங்கள். நல்ல பாடப் பக்கத்துக்கான விதிகள் அந்தப் பட்டியலிலேயே வந்துவிடும்.

எல்லோருக்கும் எட்டும் பாடப்பொருள் பற்றியும் அன்றே பேசிவிடலாம், தனி அமர்வு வேண்டாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும், பார்வையற்ற மாணவரின் திரை வாசிப்பானுக்கு அதில் படிக்க எழுத்தே இல்லை, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி கொண்டு அதை மாற்ற வேண்டும். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது, தலைப்புப் பாணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு, இணைய உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்டுவதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையின் ஏஏ நிலைப்படி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். வெள்ளையில் வெளிர் மஞ்சள் எழுத்து இதில் தேறாது.

இரண்டாம் அமர்வு: பாடத்தை வடிவமைத்தல். இங்கே கணினியை மூடி வையுங்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் உருவான ஏபிசி என்ற பயிலரங்கு முறை இதற்கு மிகவும் ஏற்றது. அதுவும் 90 நிமிடம்தான். கல்வியியல் பேராசிரியர் டயானா லாரிலார்டு வகுத்த ஆறு கற்றல் வகைகளை அட்டைகளாக வைத்துக்கொண்டு, ஒரே பாடத்தை நடத்துபவர்கள் சேர்ந்து வாரம் வாரமாக மேசையில் அடுக்குவார்கள்: பெறுதல், தேடி ஆராய்தல், பயிற்சி செய்தல், கலந்துரையாடல், கூட்டாகச் செய்தல், ஆக்குதல். அடுக்கி முடித்ததும் பலருடைய மேசையில் பதினைந்து வாரமும் 'பெறுதல்' அட்டையே வரிசையாக நிற்கும், கடைசியில் ஒரு தேர்வு. யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரிந்துவிடும். எந்த வாரத்தில் எந்த அட்டையை மாற்றலாம், அதற்குத் தளத்தில் எந்தக் கருவி பொருந்தும் என்று பேச்சு தானாக நகரும்.

கலந்துரையாடல் அட்டை வைத்தவர்கள் உடனே மன்றம் ஒன்றைத் திறந்து 'சந்தேகம் இருந்தால் கேளுங்கள்' என்று எழுதுவார்கள். அது காலியாகவே கிடக்கும். பதில் சொல்லியே ஆக வேண்டிய குறிப்பான கேள்வி, கெடு, சிறிதளவு மதிப்பெண் மூன்றும் இருந்தால்தான் மன்றம் நடக்கும். தன் பதிலைப் பதிந்த பிறகே மற்றவர் பதிலைக் காட்டும் கேள்வி-பதில் மன்றம் மூடிலில் உண்டு. ஒருவர் எழுதியதையே எல்லாரும் நகலெடுப்பதை அது பெருமளவு தடுக்கும்.

மூன்றாம் அமர்வு: அசைன்மென்ட், குவிஸ், மதிப்பெண் பதிவேடு. புகார்கள் குவியும் இடம் இது, அவசரப்படக் கூடாது. தேவைப்பட்டால் இரண்டாகப் பிரித்து நடத்துங்கள்.

அசைன்மென்ட்டில் ட்யூ டேட், கட்-ஆஃப் டேட் என்ற இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். ட்யூ டேட் தாண்டினாலும் சமர்ப்பிக்கலாம், தாமதம் என்று குறிப்பு மட்டும் விழும். கட்-ஆஃப் தாண்டினால், கூடுதல் அவகாசம் தராத வரை, கதவு மூடிவிடும். தாமதத்தை ஏற்காதவர் கட்-ஆஃப் போடாமல் விட்டால், இரண்டு வாரம் கழித்தும் சமர்ப்பிப்புகள் வந்துகொண்டே இருக்கும். கெடுவை நள்ளிரவில் வைப்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். 12 மணி என்றால் எந்த நாளின் 12 மணி என்ற சண்டை வரும். அந்த நேரத்தில் உதவி மையத்திலும் ஆள் இருக்காது.

குவிஸில் மூன்று கண்ணிகள். முதலாவது, விடைகளை எப்போது காட்டுவது என்ற ரிவ்யூ ஆப்ஷன்ஸ் பகுதி. எழுதும்போது, முடித்த உடனே, பிறகு ஆனால் குவிஸ் திறந்திருக்கும்போது, குவிஸ் மூடிய பிறகு என்று நான்கு கட்டங்கள் இருக்கும். நடுவில் உள்ள இரண்டு கட்டங்களிலும் 'சரியான விடை' டிக் ஆகியிருந்தால், முதலில் முடித்த மாணவரின் ஸ்கிரீன்ஷாட் அடுத்த பத்து நிமிடத்தில் வகுப்பு முழுவதற்கும் போய்விடும். மதிப்பெண்ணுக்கான குவிஸில் கடைசிக் கட்டத்தில் மட்டும் டிக் இருக்க வேண்டும். பழகுவதற்கான குவிஸில் இதற்கு நேர்மாறாக, உடனே காட்டினால்தான் பயன்.

இரண்டாவது, மூடும் நேரமும் கால வரம்பும் மோதுவது. குவிஸ் 11 மணிக்கு மூடும், கால வரம்பு 40 நிமிடம் என்று வையுங்கள். 10.40-க்குத் தொடங்கியவருக்கு 20 நிமிடம்தான் கிடைக்கும். இதை மாணவர்களுக்கு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். கூடுதல் நேரம் பெறத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளி மாணவருக்கு, தனி குவிஸ் உருவாக்காமல், அதே குவிஸில் அவருக்கு மட்டும் நேரத்தை மாற்றும் யூசர் ஓவர்ரைடு கொடுக்கலாம்.

மூன்றாவது, நேரம் முடிந்ததும் விடைகள் தானாகச் சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்ற அமைப்பு. அதை மாற்றிவிட்டால், பட்டனை அழுத்தத் தவறியவரின் உழைப்பு கணக்கில் வராமல் போகலாம்.

மதிப்பெண் பதிவேட்டைக் காகிதத்தில் கணக்குப் போட்டு விளக்குவதே நல்லது. சம எடையுள்ள மூன்று அசைன்மென்ட், ஒவ்வொன்றும் 20 மதிப்பெண். ஒரு மாணவி ஒன்றை மட்டும் எழுதி 18 வாங்கியிருக்கிறார். வெற்று மதிப்பெண்களை விலக்கும் அமைப்பு இயங்கினால் அவருடைய மொத்தம் 90 சதவீதம். அதை அணைத்தால் 60-க்கு 18, அதாவது 30 சதவீதம். இரண்டுமே தளத்தின் பிழை அல்ல. பருவத்தின் நடுவில் விலக்குவது நியாயம், இன்னும் வராத தேர்வுக்காக மாணவரைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் கெடு முடிந்த ஒவ்வொரு அசைன்மென்ட்டிலும் எழுதாதவர்களுக்கு 0 போட்டாக வேண்டும். போடாவிட்டால் எழுதாமல் இருப்பவரே முதல் மதிப்பெண்காரராகத் தெரிவார். இந்த எண்களை ஆசிரியர்கள் சோதனைப் பாடத்தில் தாங்களே இட்டு இரண்டு விடைகளையும் பார்க்கட்டும்.

நான்காம் அமர்வு: வகுப்பறையும் காணொலியும். வாக்கெடுப்புக் கருவியை இயக்குவது ஐந்து நிமிட வேலை, கடினம் நல்ல கேள்வி எழுதுவதில் இருக்கிறது. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கருத்தைச் சோதிக்கும் கேள்வியை முதலில் தனியாக வாக்களிக்கச் சொல்ல வேண்டும். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் வந்தால் முடிவைக் காட்டாமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதிட விட்டு, மறுபடி வாக்கெடுக்க வேண்டும். 30-க்குக் கீழே என்றால் கருத்தையே மீண்டும் விளக்க வேண்டும். 70-க்கு மேல் என்றால் சிறு விளக்கத்தோடு நகரலாம்.

காணொலிக்கு முதலில் மைக், பிறகுதான் கேமரா. மங்கலான படத்தை மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், எதிரொலிக்கும் குரலைப் பொறுக்க மாட்டார்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சாதாரண காலர் மைக், மின்விசிறி அணைத்த சிறிய அறை, திரைச்சீலை: இவ்வளவு போதும். நீளத்தைப் பொறுத்தவரை, எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 69 லட்சம் காணொலிப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வில், காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் இலவச இணையப் பாடம் படித்தவர்கள், தேர்வெழுதும் பட்ட மாணவர்கள் கொஞ்சம் அதிகம் பார்ப்பார்கள். இருந்தாலும் 50 நிமிட விரிவுரையை அப்படியே பதிவேற்றுவதை விட, கருத்துக்கு ஒன்றாக உடைத்தால் தேடிப் பார்க்கவும் அடுத்த ஆண்டு ஒன்றை மட்டும் மாற்றவும் எளிது. தானாக உருவாகும் வசனவரிகளைத் திருத்தாமல் விடாதீர்கள். அவை தவறுவது பெரும்பாலும் கலைச்சொற்களில்தான், மாணவருக்கு அதிகம் தேவைப்படுவதும் அவையே.

படி 6: ஏஐ பற்றிய கேள்விகள்

எந்த அமர்விலும் இது எழும். தனி உரை நிகழ்த்துவதை விட, ஆசிரியர்கள் தங்கள் அசைன்மென்ட்டை ஒரு ஏஐ கருவியிடம் கொடுத்து, வரும் விடைக்குத் தங்கள் ரூப்ரிக்கின்படி மதிப்பெண் போடச் சொல்லுங்கள். எதை மாற்ற வேண்டும் என்பது அங்கேயே தெரியும்: வகுப்பில் எடுத்த தரவு, இடைநிலை வரைவு, ஐந்து நிமிட வாய்மொழி விளக்கம். மாணவர்களின் பெயர், மதிப்பெண், விடைத்தாள் ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் அனுமதிக்காத கருவிகளில் ஒட்டக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகளை வைத்து மட்டும் யார் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் குறைவு என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. எழுத்துத் திருட்டைச் சோதிக்கப் பயன்படும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் ஒற்றுமைச் சதவீதமும் திருட்டின் அளவு அல்ல. மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அதில் சேர்ந்திருக்கலாம். அறிக்கையைத் திறந்து படிக்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவர் அநியாயம் செய்யக்கூடும்.

படி 7: பின்தொடர்தல்

பயிற்சிக்கு ஒதுக்கும் உழைப்பில் பாதியையாவது இதற்கு வையுங்கள். பருவத்தின் முதல் ஆறு வாரங்களில், வாரம் இருமுறை, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கும் நேரம் இருக்க வேண்டும். துறைக்கு ஒருவரை உதவியாளராகத் தேர்ந்தெடுங்கள். அந்தத் துறையிலேயே கணினி அதிகம் தெரிந்தவரைத் தேட வேண்டாம், மற்றவர்கள் கூச்சமின்றிக் கேட்கக்கூடியவரைத் தேடுங்கள். அவருக்குப் பணிச்சுமையில் சலுகை தராவிட்டால் ஒரே பருவத்தில் சலித்துவிடுவார்.

உதவிக் குறிப்புகளை ஒரு பணிக்கு ஒரு பக்கம் என்று எழுதுங்கள், 80 பக்கக் கையேட்டை யாரும் திறப்பதில்லை. தளம் புதிய பதிப்புக்கு மாறும்போது முதலில் பழசாவது ஸ்கிரீன்ஷாட்கள். அவற்றைக் குறைத்துப் படிகளை எழுத்தில் சொன்னால் திருத்துவது எளிது.

படி 8: பலனை அளத்தல்

அமர்வு முடிந்ததும் வாங்கும் கருத்துப் படிவம், அறை குளிர்ச்சியாக இருந்ததா என்பதற்கு மேல் அதிகம் சொல்லாது. பயிற்சியின் பலனை அளக்கக் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகளில் அது முதலாவது மட்டுமே. மூன்றாம் நிலையான நடைமுறை மாற்றத்தைப் பாருங்கள். பருவத்தின் எட்டாவது வாரத்தில், படி 2-இல் எழுதிய ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு, ஆசிரியரின் ஒப்புதலோடு ஒவ்வொரு பாடப் பக்கத்தையும் திறந்து ஆம் அல்லது இல்லை என்று குறியுங்கள். இது ஆசிரியரை மதிப்பிடுவதற்கு அல்ல என்று முன்பே சொல்லிவிட வேண்டும், அந்தப் பட்டியல் துறைத் தலைவர் கைக்குப் போகவும் கூடாது. போனால் அடுத்த சுற்றில் எல்லாரும் டிக் வாங்குவதற்காகக் காலிக் குவிஸ்களைத் திறந்து வைப்பார்கள்.

குவிஸ் நடந்து முடிந்திருந்தால் அதன் புள்ளிவிவர அறிக்கையை ஆசிரியரோடு உட்கார்ந்து படியுங்கள். எளிமைக் குறியீடு என்பது அந்தக் கேள்விக்கு மாணவர்கள் பெற்ற சராசரி, சதவீதத்தில். எல்லாரும் சரியாக எழுதிய கேள்வி மாணவர்களைப் பிரித்துக் காட்டாது. பிரித்தறியும் குறியீடு எதிர்மறையாக இருந்தால், நன்றாகப் படிப்பவர்கள் அந்தக் கேள்வியில் தவறி, மற்றவர்கள் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். பல நேரம் விடைக் குறிப்பே தவறாக இருக்கும். அதைத் திருத்தி மறுமதிப்பீடு என்பதை அழுத்தினால் எல்லா மாணவர்களின் மதிப்பெண்ணும் தானாகச் சரியாகும். அடுத்த சுற்றுப் பயிற்சியில் மூன்றாம் அமர்வை இப்படிப்பட்ட ஒரு கேள்வியோடு, பெயர் சொல்லாமல், தொடங்குங்கள்.